சிப்பிப்பாறையா, பீகிளா, லேப்ரடாரா? வேலூர் வெயிலில் வேட்டை நாய் வளர்க்க நினைக்கும் குடும்பத்துக்கு

கடந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்பாடி காந்தி நகரில் குடியிருக்கும் என் சித்தப்பா மகன் மனைவி பிள்ளைகளோடு சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வாசல் திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருந்த எங்கள் சிப்பிப்பாறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "இவ்வளவு சாதுவாக இருக்கிறதே அண்ணா, எங்கள் வீட்டுக்கும் இதே போல ஒரு குட்டி எடுத்துக் கொடுங்கள்" என்றான். கல்லூரியில் படிக்கும் அவன் மகளுக்குப் பீகிள் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு லேப்ரடார் வேண்டும். அவன் மனைவி மட்டும், "எந்த நாயாக இருந்தாலும் சரி மாமா, விடியற்காலையில் அதை யார் வெளியே கூட்டிப் போவது?" என்று கேட்டாள். அன்று கேட்கப்பட்டவற்றுள் மிகச் சரியான கேள்வி அதுதான். அவர்களுக்கு அன்று நான் சொன்னவற்றையும், சொல்ல விட்டுப்போனவற்றையும் சேர்த்து, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவுமென்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். என் தம்பி பார்த்தது காலை பதினொரு மணிக்குப் படுத்திருந்த நாயை. அதே நாயை அவன் அதிகாலை ஐந்து மணிக்குப் பாலாற்று மணலில் பார்த்ததில்லை. எங்கள் செவலைக்கு இப்போது எட்டு வயது. ஆற்றுக்குள் இறங்கியதும் அவன் தலையை உயர்த்தி, சீமைக்கருவேலம் புதர்களுக்கு நடுவே கண்ணை ஓட்டுவான். இருநூறு அடி தூரத்தில் ஏதேனும் அசைந்தால் போதும், அது முயலோ கீரியோ காற்றில் புரளும் பிளாஸ்டிக் பையோ, காதுகள் பின்னால் மடியும், பின்தொடையின் தோல் கொதிக்கும் பால் மேல் ஆடை நடுங்குவது போல நடுங்கும், கழுத்துப் பட்டையில் கட்டிய கயிறு ஒரே நொடியில் விறைக்கும். ஒரு சத்தமும் போட மாட்டான். அந்த நொடியில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வீண். கண் ஒன்றைப் பற்றிக்கொண்டபின் காது வேலை செய்வதில்லை. அந்த ஓட்டத்தைத் தினமும் பாதுகாப்பாக ஓடித் தீர்க்க இடம் கொடுத்ததனால்தான் பதினொரு மணிக்குத் திண்ணையில் அவ்வளவு அமைதி. ஓட்டம் கிடைக்காத நாளில் அதே திண்ணையில் செருப்புகள் கிழிந்து கிடக்கும்.

வேட்டை நாய் என்று நாம் ஒரே பெயரில் சொல்லிவிட்டாலும், அவற்றுள் மூன்று விதமான வேலைக்குப் பழக்கப்பட்ட நாய்கள் இருக்கின்றன. எந்த விதம் என்பதே வீட்டுக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கர்நாடகத்தின் முதோல் ஆகியவை கண்ணால் இரையைக் கண்டு, வேகத்தால் துரத்திப் பிடிக்கும் நாய்கள். ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், குறைந்த கொழுப்பு என்று உடலே அதற்காக அமைந்தது. பீகிள் மூக்கால் தடம் பிடித்து, கூட்டமாகச் சேர்ந்து, சத்தம் போட்டுக்கொண்டே தொடரும் நாய். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டது. லேப்ரடாரும் பாயின்டர் வகைகளும் துப்பாக்கிக்காரனோடு சேர்ந்து வேலை செய்தவை: பறவை இருக்கும் இடத்தைக் காட்டுவதும், சுடப்பட்டு விழுந்ததை வாயில் மெதுவாகக் கவ்வி எடுத்துவந்து கையில் கொடுப்பதும் அவற்றின் தொழில். முதல் வகை தானே முடிவெடுத்து ஓடும். இரண்டாவது, மூக்கு இழுக்கும் பக்கம் போகும். மூன்றாவது, மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எனவே, 'சுறுசுறுப்பு அதிகம்' என்ற ஒரே சொல் இம்மூன்றிலும் வெவ்வேறு பொருள் தரும்.

இனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் வேலூரில் நாய் வளர்ப்பவருக்கு நேரத்தை ஒதுக்கித் தருவது வெயில்தான். மே மாதத்தில் இங்கே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் திருப்பித் தருகின்றன என்று இங்குள்ள ஒவ்வொருவரும் சொல்வார்கள். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதத்தில் சிறிதளவு வியர்வை, மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது ஒன்றே அதற்கு வழி. தார்ச்சாலையோ மாலை ஏழு மணியானாலும் ஆறுவதில்லை. புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் பொறுக்காது. ஆகவே பங்குனியில் தொடங்கி ஆனி வரையில், ஓடும் நாயை ஓடவிடக்கூடிய நேரம் அதிகாலை நாலரையிலிருந்து ஆறரை வரை மட்டுமே. மாலையில் அது மலசலம் கழிக்கக் கொஞ்சம் நடந்தால் போதும்.

இந்தக் கணக்கில்தான் பல வேலூர்க் குடும்பங்கள் தவறுகின்றன. என் தம்பி தினமும் சீசன் டிக்கெட்டில் காட்பாடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவன். விடியற்காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிறது. அவன் மனைவி ஒரு மருத்துவமனையில் செவிலியர். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் போகும் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். நாய்க்கு எந்த நேரம் தேவையோ, சரியாக அதே நேரத்தில் வீட்டின் பெரியவர்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். வேட்டை நாய் பத்து முதல் பதினான்கு ஆண்டு வரை உயிர் வாழும். ஒன்பதாம் வகுப்புப் பையன் தரும் வாக்குறுதி பொதுத்தேர்வு வரையில்கூட நிற்காது என்பதைப் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும். அது அவன் குற்றமும் ஆகாது.

இனி நாய்களுக்கு வருகிறேன். எனக்கு நெருக்கமானவை என்பதால் சிப்பிப்பாறையையும் கன்னியையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இரண்டும் தென்மாவட்டங்களின் கரிசல் பூமியில் உருவானவை. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரே. ஏறத்தாழ இரண்டு அடி உயரம், ஒட்டிக்கிடக்கும் குட்டை முடி. செவலை, சாம்பல் போன்ற நிறங்களில் வருவதைச் சிப்பிப்பாறை என்றும், கறுப்பு உடலில் பழுப்புப் புள்ளியும் காலும் கொண்டு வருவதைக் கன்னி என்றும் பொதுவாகப் பிரிப்பார்கள். ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தின் பதிவு கிடைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலை வரிசையில் ராஜபாளையம் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்திய இனங்களைப் பற்றிப் பேசியபோது இவற்றின் பெயர்களைச் சொன்ன பிறகு, குட்டி கேட்டு வருபவர்களின் எண்ணிக்கை கூடியதைக் கண்ணால் பார்த்தேன். பெருமைக்காக எடுத்துப்போன குட்டிகளுள் சில, ஒரு வயது நிரம்புவதற்குள் கை மாறியதையும் பார்த்தேன்.

இந்நாய்களுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு. நம் வெயிலைத் தாங்கும் தோலும் உடம்பும் அவற்றுக்கு இருக்கின்றன. முடி கொட்டுவது குறைவு, வாடை குறைவு, தேவையில்லாமல் குரைப்பதும் குறைவு. இவற்றின் ஓட்டம் குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் ஓட்டம். நாள் முழுவதும் அலைந்து திரியும் வகையைச் சேர்ந்ததன்று. கட்டுப்பாடான ஒரு வெளியில் காலையில் இருபது, முப்பது நிமிடம் முழு வேகத்தில் ஓடி, அதன்பின் அரைமணி நேரம் கயிற்றில் நடந்தால், மீதி நாளில் பெரும்பகுதியை அவை தூங்கியே கழிக்கும். செவலை கோடையில் எங்கள் பழைய சிவப்புத் தரையில், அம்மாவின் அறை வாசலில், வயிறு தரையில் படும்படி ஒட்டிக்கிடப்பான். அம்மா தாண்டிப் போனால் வாலை மட்டும் நகர்த்திக் கொள்வான். இப்படிப்பட்ட நாய் மாடி வீட்டுக்கும் ஒத்துவரும் என்று சிலர் வாதிடுவார்கள். அது பாதி உண்மை. ஓட்டத்துக்குப் பாதுகாப்பான வெளி தினமும் கிடைக்குமானால் ஒத்துவரும். அந்த 'ஆனால்' மிகப் பெரியது.

ஏனென்று என் அனுபவத்தையே சொல்கிறேன். செவலைக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஆற்றங்கரையில் கயிற்றின் கொக்கி தேய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுகரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் குட்டி ஒன்று துள்ளியது. கொக்கி விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பாதி ஆற்றைக் கடந்திருந்தான். கடிக்கவில்லை, தோளால் மோதித் தள்ளியதிலேயே குட்டியின் முன்கால் முறிந்தது. அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். கட்டுப் போட்ட செலவையும் குட்டியின் விலையையும் கொடுத்தேன். அவர் பணத்தை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு, "நாயைச் சொல்லிக் குத்தமில்ல சாமி, நீ பிடிச்சிக்கினு இருக்கணும்" என்று சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. துரத்துவது அந்த நாய்க்குள் பல தலைமுறையாக ஊன்றப்பட்டது. பயிற்சியால் அதைக் குறைக்கலாம், அழிக்க முடியாது. ஆகவே கண்ணால் வேட்டையாடும் நாயை வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அன்று முதல் நாற்புறமும் மூடிய ஒரு மாந்தோப்பை, சொந்தக்காரரின் அனுமதியோடு வாரத்தில் நான்கு நாள் பயன்படுத்துகிறேன். மற்ற நாட்களில் ஆற்று மணலில் முப்பது அடி நீளக் கயிறு. வீட்டில் பூனை, கோழி, முயல் வளர்ப்பவர்கள் இந்த இனத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இவற்றை எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மருத்துவச் செய்தி ஒன்றும் உண்டு. உடலில் கொழுப்பு மிகக் குறைவாக உள்ள இவ்வகை நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து விழித்தெழ அதிக நேரம் ஆகலாம். கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோகும்போது, இது வேட்டை நாய் இனம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதால், எடுப்பதற்கு முன் குட்டியின் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பது நல்லது.

பீகிளுக்கு வருவோம். பத்துப் பதினொரு கிலோ எடை, முழங்கால் உயரம், தொங்கும் காது, கெஞ்சும் கண். சிறியது என்பதால் மாடி வீட்டுக்கு ஏற்றது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். உருவம் சிறியது, தேவை சிறியது கிடையாது. கூட்டமாக வேட்டையாடப் பழகிய இந்நாய்க்குத் தனிமை ஆகாது; தனித்து விடப்பட்டால் குரைப்பதோடு நிற்காமல், நீண்டு ஒலிக்கும் ஓர் ஊளையை எழுப்பும். வயல்வெளியில் ஒரு மைல் தொலைவிலிருக்கும் வேட்டைக்காரனுக்குக் கேட்பதற்காக வந்த குரல் அது. அடுக்குமாடியின் படிக்கட்டுக் கூடத்தில் அக்குரல் எப்படி எதிரொலிக்கும், இரவு வேலை முடிந்து பகலில் தூங்கும் எதிர்வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதைத் தம்பி மகளிடம் சொன்னபோது அவள் முகம் வாடியது. ஆனால் அதன் நல்ல பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பிள்ளைகளோடு இவ்வளவு பொறுமையாகப் பழகும் நாய்கள் குறைவு. அதன் மூக்குக்கு வேலை கொடுத்தால் அது களைத்துவிடும் என்பதும் பெரிய வசதி: பழைய துணிகளைச் சுருட்டி அவற்றுக்குள் தீனியை ஒளித்துவைத்து அறையெங்கும் தேடவிட்டால், வெளியே போக முடியாத மே மாதப் பகலில் அரைமணி நேரம் உழைத்த நிறைவு அதற்குக் கிடைக்கும். கொடுத்ததையெல்லாம் தின்று கொழுக்கும் இயல்பும், தொங்கு காதுக்குள் ஈரம் தங்கிப் புண்ணாவதும் அதன் இரு குறைகள். வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கும், பக்கத்துச் சுவர் ஒட்டாத தனி வீட்டுக்குப் பீகிளை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

லேப்ரடாரை வேட்டை நாய் என்று பலர் நினைப்பதே இல்லை. ஊரெங்கும் பார்த்துப் பழகிவிட்டதால் வீட்டு நாய் என்றே எண்ணுகிறோம். நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த கடலோரத்தில் மீனவர்களின் வலைகளோடு நீந்திய நாய்களின் வழித்தோன்றல் அது. பிரிட்டனில் பறவை வேட்டைக்காகச் செம்மைப்படுத்தப்பட்டது. பனிநீரைத் தாங்குவதற்காக அதற்கு அமைந்த இரட்டை அடுக்கு முடியைக் காந்தி நகரின் மே மாதத்துக்குள் கொண்டுவருகிறோம் என்பதை உணர வேண்டும். சொன்னால் கேட்கும், பந்தைத் திரும்பக் கொண்டுவரும், விருந்தாளியைக் கண்டு மகிழும். பழக்குவதற்கு இம்மூன்றில் எளிது இதுவே. ஆனால் முதல் மூன்று ஆண்டுகள் அதன் உற்சாகம் முப்பது கிலோ எடையோடு வீட்டுக்குள் மோதும். ஓட்டம் குறைந்து சோறு மிகுந்தால் உடல் பருத்து, ஏற்கெனவே இவ்வினத்தில் அதிகம் காணப்படும் இடுப்பு மூட்டுக் கோளாறு முற்றும். குளிரூட்டி ஓடும் அறைக்குள் ஆண்டு முழுவதும் படுத்திருக்கும் பருத்த லேப்ரடார்களை இந்த ஊரில் எத்தனையோ பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. ஜெர்மன் பாயின்டர் போன்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவும் யோசிக்கவும் வேலை கேட்கும் அந்நாய்களைக் கோடையில் வேலூரில் வைத்து நிறைவு செய்ய என்னால் முடியாது, முடிந்த ஒருவரை நான் சந்தித்ததும் இல்லை. தேனி மாவட்டத்துக் கோம்பை காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர்பெற்ற, ஒருவரிடம் மட்டும் ஒட்டும் நாய். முதல் நாயாக அதை எடுப்பது சரியில்லை.

எல்லோரும் கடைசியாக நினைக்கும் நாயை நான் முன்னால் வைக்க விரும்புகிறேன். தெருவில் பிறந்த நம் நாட்டு நாய்க்கும் ஓட்டம் வேண்டும், அறிவுக்கு வேலை வேண்டும். ஆனால் அதன் அளவு மனிதக் குடும்பத்தின் அளவோடு ஒத்துப்போகிறது. வெயிலைப் பற்றிய கவலை குறைவு. காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் அரைமணி நேரம் நடை, நாளுக்கு ஒரு விளையாட்டு என்றாலே அமைதியாகிவிடும். குட்டியாக எடுக்காமல் இரண்டு மூன்று வயதானதை எடுத்தால், அதன் சுபாவம் என்ன, பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறது, பட்டாசுக்கு எவ்வளவு பயப்படுகிறது என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிடும். குட்டியில் இவற்றை ஊகிக்கத்தான் முடியும்.

வீடுகளையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் கம்பி வேலி போட்ட ஒன்றிரண்டு ஏக்கர் நிலமும், விடியலில் கிணற்றடிக்கு எப்படியும் போகும் மனிதரும் இருக்கும் குடும்பத்துக்குக் கன்னியையோ சிப்பிப்பாறையையோ விடப் பொருத்தமான நாய் இல்லை. சத்துவாச்சாரி, பாகாயம் போன்ற இடங்களில் சுற்றுச்சுவருள்ள தனி வீட்டுக்கு, சுவர் ஆறடிக்குக் குறையாமல் இருந்து காலையில் ஒருவர் ஓய்வாக இருந்தால் அவையும் ஒத்துவரும். இவை நின்ற இடத்திலிருந்தே நாலடிச் சுவரைத் தாண்டக்கூடியவை. வாடகை மாடி வீட்டில், வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் எந்த நாயையும் கொண்டுவரக் கூடாது. இரண்டு ஆண்டு கழித்து வீடு மாறும்போது முதலில் கைவிடப்படுவது நாயாகத்தான் இருக்கிறது. மாதச் செலவு எங்கள் வீட்டில் இறைச்சி, முட்டை, உண்ணி மருந்து, தடுப்பூசி எல்லாம் சேர்த்துச் சராசரியாக 4,000 ரூபாய் ஆகிறது. உண்ணி மருந்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது; உண்ணி பரப்பும் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து நாய்கள் சாவது நம் ஊரில் சாதாரணம். இன்னொன்று, ஆம்பூர்ப் பிரியாணி தின்ற இலையிலிருந்து எலும்பை நாய்க்குப் போடுவது நம் பழக்கம். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். களியும் கூழும் மட்டும் ஊற்றிக் கிராமத்தில் வேட்டை நாய் வளர்ந்ததே என்பார்கள். அந்நாய் வயலில் எலியையும் முயலையும் தானே பிடித்துத் தின்றது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மோட்டார் சைக்கிளில் சங்கிலியைக் கட்டி நாயை ஓடவைக்கும் காட்சியைப் புறவழிச்சாலையில் அடிக்கடி காண்கிறேன். ஓட்டத் தேவையைப் புரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறுதான் அது, இருந்தாலும் கொடுமையே. நாயால் நிற்க முடியாது, தாகம் என்று சொல்ல முடியாது, சூடான தாரை விட்டு விலகவும் முடியாது. எலும்பு முற்றாத குட்டியை ஒன்றரை வயதுக்குள் இப்படி ஓட்டினால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் அது வெப்ப வாதம். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்ட நிலை. உடனே நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். நாயின் துரத்தும் ஆசைக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஐந்தடி மூங்கில் கழியின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பழைய வேட்டித் துணியை முடிந்து தரையில் வட்டமாக இழுத்தால், மொட்டை மாடியின் நிழலிலேயே பத்து நிமிடத்தில் செவலைக்கு நாக்கு வெளியே வந்துவிடும். முடிவில் அந்தத் துணியைப் பிடிக்க விட்டுவிட வேண்டும். பிடிக்கவே முடியாத துரத்தல் நாயை வெறியேற்றும்.

உண்மையான முயல் வேட்டைக்கு இப்போது இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் காக்கிறது. அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் நாயோடு போய் வேட்டையாடினால் வழக்குப் பாயும். எனவே நாம் எடுப்பது தொழிலை இழந்த ஒரு தொழிலாளியை. இவ்விடத்தில் பழைய வடஆற்காட்டு மாவட்டத்தின் செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல்லை நினைத்துக்கொள்கிறேன். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், எருமைகளை மீட்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் இரண்டு கள்ளரைக் கடித்து அவனைக் காத்து நின்றதையும் கல்வெட்டு சொல்கிறது. பெயர் சொல்லி, செய்த வேலையைச் சொல்லி, ஒரு நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்த மண் இது. கோவிவனுக்கு வேலை இருந்தது. நாம் கொண்டுவரும் நாய்க்கு அந்த வேலைக்கு ஈடாக எதைத் தரப்போகிறோம் என்று கேட்டுக்கொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

எடுப்பதென்று முடிவானால், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை வாங்கக் கூடாது. விற்பதும் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி தவறு. தாயை நேரில் பார்க்காமல் எடுக்க வேண்டாம். தாய் மனிதரைக் கண்டு ஒடுங்கினால் குட்டியும் பெரும்பாலும் அப்படியே வளரும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறவிடவே கூடாது.

தம்பி குடும்பத்துக்கு நான் வைத்தது ஒரே நிபந்தனை. சித்திரை மாதத்தில் முப்பது நாள், வீட்டில் யாராவது ஒருவர் காலை நாலே முக்காலுக்கு எங்கள் வாசலுக்கு வந்து செவலையை என்னோடு ஆற்றுக்குக் கூட்டிப் போக வேண்டும். வந்த நாளைக் காலண்டரில் குறிப்பேன். குறையாமல் வந்தால் எந்த இனமானாலும் நானே எடுத்துத் தருவேன். முப்பது நாளில் பதின்மூன்று நாள் வந்தார்கள். தம்பி இரண்டு ஞாயிறு வந்தான். அவன் மனைவி இரவு ஷிஃப்ட் முடித்து, சீருடையோடு இரண்டு நாள் வந்து, ஆற்று மணலில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தாள். மகன் முதல் நாள் வந்ததோடு சரி. மீதி எட்டு நாளும் மகள், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித் தனியாக ஸ்கூட்டியில். காலண்டரைக் காட்டியபோது யாரும் எதுவும் பேசவில்லை. கடைசியில் மகள்தான், "பெரியப்பா, குட்டி வேண்டாம். எங்கள் மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கும் மணியையே வைத்துக்கொள்கிறோம்" என்றாள்.

மணிக்கு மூன்று வயது இருக்கும். அந்தக் கட்டடத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்த பழுப்பு நிறப் பெண் நாய். வைகாசியில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வீட்டு உரிமையாளரிடம் கடிதம் வாங்கி மேலே கொண்டுபோனார்கள். இரவில் தம்பி திரும்பியதும் இருபது நிமிடமும், காலையில் பையன் பள்ளிக்குப் போகுமுன் அரைமணி நேரமும் அதற்குப் போதுமானதாக இருக்கிறது. மகள் மட்டும் சனி, ஞாயிறு விடியலில் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். ஸ்கூட்டி எங்கள் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே செவலை எழுந்து கேட்டருகில் நிற்கிறான்.